இசைத்தட்டின் நடுவட்டம்

சோழபுரத்தில் நமக்கு வேண்டிய ஒரு குடும்பத்தினர் நோன்பு வருமுன் வீட்டுக்கு வெள்ளையடித்தனர். அப்போது பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டி கீழிறங்கியது. பழைய வேட்டித் துணியில் சுற்றிய கிராமபோன் தட்டுகள் அதில் பத்துப் பன்னிரண்டு இருந்தன. “ஹஜ்ரத், இவை எங்கள் நன்னா வாங்கியவை. போட்டுக் கேட்கப் பெட்டியும் இல்லை. பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடலாமா?” என்று அவ்வீட்டு இளைஞர் நம்மைக் கேட்டார். ஒரு தட்டை எடுத்துப் பார்த்தோம். பள்ளங்கள் கெடாமல் பளபளத்தன. ஆனால் நடுவிலே ஒட்டியிருந்த காகித வட்டத்தைப் பூச்சி அரித்திருந்தது. பாட்டு இருக்கிறது, பாடியவர் யார், எழுதியவர் யார், பதிவு செய்த நிறுவனம் எது என்பன போய்விட்டன.

அந்த வெறும் வட்டம் நம்மைப் பல நாள் உறங்கவிடவில்லை. மதரஸாவில் ஓதியவனுக்கு இசைத்தட்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் வினவலாம். சொல்லப்பட்ட செய்தியை ‘மத்னு’ என்றும், அது யார் யார் வழியாக வந்தது என்னும் தொடரை ‘ஸனது’ என்றும் பிரித்து ஓதினோம். ஸனது அற்ற செய்தி எவ்வளவு அழகாயிருப்பினும் அதைச் சபையில் வைக்க நம் ஆசிரியர்கள் இசையமாட்டார்கள். செய்தியைக் கொண்டுவரும் ‘ராவி’யிடம் இரண்டு தகுதிகளைத் தேடினர். ஒன்று ‘அதாலத்’, அதாவது நேர்மை. மற்றொன்று ‘ளப்து’, அதாவது பெற்றதைப் பெற்றவாறே காத்து ஒப்படைக்கும் திறம். இசைத்தட்டு நிறுவனமும் ஒரு ராவியே. ஒருவர் நாவிலிருந்து வாங்கி இன்னொருவர் செவியில் சேர்க்கிறது. ஆகவே அதையும் இவ்விரு தகுதிகளால் எடைபோடுவது முறையே.

இசை கூடுமா கூடாதா என்னும் வினாவை இங்கே நாம் எடுக்கவில்லை. பேசும் பெட்டி வந்த நாள்தொட்டு ஆலிம்கள் அதைப் பற்றி எழுதி வந்திருக்கின்றனர். பத்தாவியாவின் ஸய்யிது உதுமான் 1899இலும், எகிப்தின் முஹம்மது பகீத் 1906இலும் இக்கருவி பற்றித் தனியே எழுதினர். அவர்கள் ஆராய்ந்தது சட்டம். நாம் ஆராய்வது அமானிதம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1902ஆம் ஆண்டு பிரெட் கெய்ஸ்பர்க் என்னும் பதிவாளர் இலண்டன் கிராமபோன் நிறுவனத்துக்காகக் கல்கத்தா வந்து பதிவு செய்தார். கௌஹர் ஜான் பாடினார். பாட்டின் முடிவிலே தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹானோவர் நகரில். அங்குள்ளோர் பதிவை அடையாளம் கண்டு சரியான சீட்டை ஒட்டவேண்டுமே என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நம் நோக்கில் அது குரலுக்குள்ளேயே பதிந்த ஸனது. காகிதம் அரித்தாலும் அந்தப் பெயர் அரிக்கப்படாது. பிறகு 1908இல் கல்கத்தாவின் சியால்தாவிலும், அடுத்து டம்டம்மிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. தட்டுகள் இந்நாட்டிலேயே அச்சாயின. ஆனால் எவர் பாடலாம், எது விலைபோகும் என்று தீர்மானிக்கும் கை பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் கையாகவே நெடுங்காலம் இருந்தது.

அக்கையின் பிடிக்கு வெளியே நின்று, தம் செவியையும் தம் ஊர்ச் சந்தையையும் நம்பிப் பதிவு செய்தவர்களையே சுயேச்சை நிறுவனத்தார் என்கிறோம். தமிழகத்தில் அவ்வகையில் முதலில் நினைவுக்கு வருவது சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ். காரைக்குடியில் 1907இல் பிறந்த ஏ.வி. மெய்யப்பன், தந்தையாரின் கடையில் இசைத்தட்டு விற்றுப் பழகியவர். பிறர் பதிந்ததை விற்பதைவிட நாமே பதியலாமே என்று எண்ணிச் சென்னை வந்தார். கே.எஸ். நாராயண ஐயங்கார் முதலிய நண்பர்களோடு சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். ஜெர்மானிய ஒடியன் முத்திரையில் தமிழ்ப்பதிவுகளை வெளியிட்டார்.

இம்முயற்சியின் சிறப்பை முதலில் மனமாரச் சொல்லவேண்டும். கடையில் நின்று விற்றவனுக்குத் தெரிந்த ஒன்று தொலைவிலிருந்த அதிகாரிக்குத் தெரியாது. எந்த நாடகப்பாட்டை வண்டிக்காரர் முணுமுணுக்கிறார், எதைப் பெண்கள் திரும்பக் கேட்கிறார்கள் என்பதைக் கடைக்காரர் நாள்தோறும் காண்கிறார். அந்த அறிவு பதிவறைக்குள் நுழைந்தது சரஸ்வதி ஸ்டோர்ஸ் போன்றோரால்தான். ஒடியனின் இரண்டாம் காலகட்டமான 1932 முதல் 1938 வரை பம்பாயையும் சென்னையையும் நடுவிடங்களாகக் கொண்டு 2,000க்கு மேற்பட்ட தலைப்புகள் வெளிவந்தன. சாஸ்திரிய சங்கீதம், நாடகப்பாடல், நாட்டார் பாட்டு, நகைச்சுவை, சொற்பொழிவு என அவை பலவகைப்பட்டன. தேர்வு செய்யும் உரிமை நம் ஊருக்கு வந்ததன் பயன் இது. பெய்ரூத்தில் பைதா குடும்பத்தார் தொடங்கிய பைதாபோன் அரபு நாடுகளுக்குச் செய்ததும் இத்தகையதே. அவர்களும் பாடகரைத் தாமே தேர்ந்தனர். தட்டுகளைப் பெர்லினில் அச்சிட்டனர்.

ஆயின் இவ்விடத்திலேயே முதற்குறையும் தொடங்குகிறது. தேர்வு நம்முடையது, அச்சு அயலாருடையது என்றால் அந்தச் சுதந்திரம் பாதிச் சுதந்திரமே. ஒடியனின் முதற்காலகட்டத்தில் இந்தியாவில் பதிந்தவை பெர்லினுக்குக் கப்பலேறி அச்சாகி வந்தன. 1914இல் போர் மூண்டு ஜெர்மானியப் பொருள்களுக்குத் தடை வரவே அந்த வணிகம் அறுந்தது. இரண்டாம் கட்டம் தொடங்குமுன்பே, 1931இல், கொலம்பியாவும் கிராமபோன் நிறுவனமும் இணைந்து இ.எம்.ஐ. உருவாயிற்று, ஒடியனின் தாய்நிறுவனமும் அக்குடையின் கீழேயே சென்றது. ஆக, சென்னையில் தனித்து நின்ற கடையின் வேர், தூரத்தில், பெரிய நிறுவனத்தின் தோட்டத்தில் இருந்தது. 1938இல் அடுத்த போரின் மேகம் சூழ்ந்தபோது ஒடியன் வணிகம் இந்நாட்டில் முடிவுற்றது.

இரண்டாம் குறை இன்னும் ஆழமானது. பேசும்படம் வந்ததும் மெய்யப்பனின் கவனம் திரையை நோக்கித் திரும்பியது. 1935இல் ‘அல்லி அர்ஜுனா’ வந்தது. 1938இல் ‘நந்தகுமார்’ வந்தது. ஒருவர் நடிக்க இன்னொருவர் பின்னின்று பாடும் முறையைத் தமிழுக்குக் கொணர்ந்த படமாக அதைக் குறிப்பிடுவர். 1945இல் ஏ.வி.எம். நிறுவனம் பிறந்தது. வணிகர் ஒரு தொழிலிலிருந்து மற்றொன்றுக்குப் போவதைக் குற்றமாகச் சொல்ல நாம் வரவில்லை. படக்கலையில் அவர் பெற்ற வெற்றிக்கு இசைத்தட்டுக் கடையில் பழகிய செவியே அடித்தளம் என்றும் சொல்வோம். நாம் கேட்பது ஒன்றே: கடை மாறும்போது சரக்கு எங்கே போயிற்று? வெளியான 2,000க்கு மேற்பட்ட தலைப்புகளில் பெரும்பகுதி இன்று கைக்கு எட்டுவதில்லை. எஞ்சியவை தனியார் சேகரிப்பாளரின் அலமாரிகளில் கிடந்தவை. அவற்றை எண்ணிம வடிவில் காக்கப் பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டம் முன்வரவேண்டியிருந்தது. நம் தாத்தாமார் காசு கொடுத்து வாங்கிய பாட்டைக் கடல்கடந்தவர் காக்கிறார் என்பதில் நன்றிக்கும் இடமுண்டு, நாணத்துக்கும் இடமுண்டு.

இது ஒரு நிறுவனத்தின் குறை மட்டுமன்று. பம்பாயின் ‘யங் இந்தியா’ முத்திரை 1935 முதல் 1955 வரை இயங்கி ஏறக்குறைய 10,000 தலைப்புகளை வெளியிட்டது. பெரிய நிறுவனத்தின் வாயிலில் நுழைய முடியாத எளிய பாடகருக்கு அது வாயில் திறந்தது. அதற்கும் நேர்ந்த கதி இதுவே. சுயேச்சை நிறுவனங்கள் குரலைத் தேடுவதில் வல்லவை; காப்பதில் எளியவை. நம் அளவுகோலில் சொன்னால், அவற்றின் அதாலத் பலவிடத்தும் பெரியவர்களை மிஞ்சியது. ளப்து நலிந்து நின்றது.

நம் வீடுகளில் ஒலித்த பாட்டுகளுக்கு வருவோம். பத்தங்குல அரக்குத் தட்டின் ஒருபக்கம் மூன்று நிமிட அளவே பாடும். நம் முன்னோர் யாத்த முனாஜாத்து, கிஸ்ஸா, நாமா, படைப்போர் ஆகியவை இரவு முழுதும் ஓதத்தக்கவை. அவற்றை மூன்று நிமிடத்துள் அடக்க இயலாது. எனவே தட்டுக்கென்றே புதிய சிறுபாடல் வகை பிறந்தது. பல்லவி எளிது, மெட்டு பழகியது, கருத்து ஒன்றே. இதைத் தாழ்வென்று ஒதுக்குவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. புலவர் ஏட்டுக்குள் நுழைய வழியற்ற எத்தனையோ தாய்மார் அச்சிறுபாடல்களாலேயே தமிழில் இறைவனைப் புகழக் கற்றனர்.

ஆனால் அவற்றை எழுதியவர் யார்? நாகூர் இ.எம். ஹனிபா 1925இல் பிறந்து 2015இல் மறைந்தார். அவர் குரலில் ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்னும் பாடலைக் கேளாத தமிழர் அரியர். சமயம் கடந்து அது ஒலித்தது, இன்றும் ஒலிக்கிறது. அதை எழுதியவர் பெயரைக் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒருவர் ஆர். அப்துல் சலாம் என்று சொன்னால் வியப்போம். பாடகர் மீது நமக்குக் குறையில்லை. அந்தக் கணீரென்ற குரல் அல்லாஹ் அளித்த கொடை. குறை நடுவட்டத்தின் மீது. நிறுவனத்தின் சின்னம் பெரிய எழுத்தில், பாடகர் பெயர் அடுத்த எழுத்தில், வரிசை எண் அதற்கும் அடுத்து. பல தட்டுகளில் கவிஞருக்கு இடமில்லை. உமறுப்புலவர் சீறாப்புராணத்துள் தம்மை ஆதரித்த அபுல் காசிம் மரைக்காயரை நன்றியோடு பலமுறை நினைந்தார். அங்கே புலவர் புரவலரை மறக்கவில்லை. இங்கோ புரவலர் தம் பெயரைப் பொறித்துக்கொண்டு புலவரை மறந்தார்.

1980களில் ஒலிநாடா பெருகியது. பெருநிறுவனத்தின் ஏகபோகம் உடைந்தது. சிறு நிறுவனங்கள் ஊர்தோறும் எழுந்தன. தட்டைப் பதிக்கத் தொழிற்சாலை வேண்டும். நாடாவைப் படியெடுக்க ஓர் அறை போதும். ஒடியன் காலத்தில் பாதியாயிருந்த சுதந்திரம் அப்போது முழுமையாயிற்று. ஆயினும் பெயர் காக்கும் பழக்கம் வளர்ந்ததா? படியெடுத்தவற்றைப் படியெடுத்து விற்றவரிடம் கவிஞர் பெயர் மட்டுமா, சில வேளை பாடகர் பெயரும் உதிர்ந்தது. இன்று கைப்பேசியில் ஓடும் பழைய பாடல்களுக்கோ நடுவட்டமே கிடையாது. கருவி எளிதானால் அமானிதம் தானே நிறைவேறிவிடும் என்று நம்பியது நம் பிழை.

வேறு வகையாகவும் செய்ய முடியும் என்பதற்குச் சான்று எகிப்திலிருந்தே கிடைக்கிறது. லபீப் ஸயீது என்பார் 1959இல் முன்வைத்த திட்டத்தின்படி, ஷைகு மஹ்மூது கலீல் அல்ஹுஸரீ ஓதிய முழுக் குர்ஆன் பதிவு 1961இல் வெளியாயிற்று. ஓதியவர் பெயரோடு, அது ஆஸிமிடமிருந்து ஹப்ஸு அறிவித்த ஓதல்முறை என்னும் விவரமும் அதனோடு சேர்ந்தே வழங்கியது. ஆயிரத்தாண்டுப் பழைய தொடர், புதிய கருவியில் அறுபடாமல் ஏறியது. இறைமறையையும் மனிதப் பாடலையும் நாம் ஒப்பிடவில்லை. பெறுவதோடு பெற்ற வழியையும் சேர்த்துக் கொடுக்கும் ஒழுக்கத்தையே சுட்டுகிறோம்.

ஆகவே நம் தீர்ப்பு இது. சரஸ்வதி ஸ்டோர்ஸும் அதன் இனத்தாரும் தமிழ்ச்செவிக்குச் செய்த தொண்டு பெரிது. அவர்கள் துணியாதிருந்தால் பல குரல்கள் காற்றோடு போயிருக்கும். ஆனால் வெளியிட்டவற்றின் முழுப்பட்டியலையும் கவிஞர் பெயரையும் அடுத்த தலைமுறைக்கு ஒப்படைப்பது தம் கடன் என்று அவர்கள் எண்ணவில்லை. விற்பனை முடிந்தவுடன் கடமை முடிந்ததென்று கொண்டனர். அதே எண்ணத்தால்தானே நாமும் தட்டுகளைப் பரணில் ஏற்றினோம்? வாங்கியவரும் ராவியே. தொடரின் கடைசிக் கண்ணி நம் வீட்டில்தான் இருக்கிறது.

சோழபுரத்து இளைஞரிடம் நாம் சொன்னதை வாசகருக்கும் சொல்கிறோம். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். சாராயச்சத்துள்ள திரவத்தால் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். காகித வட்டத்தில் உள்ள ஒவ்வோர் எழுத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். காகிதம் போயிருந்தால், பள்ளம் முடியும் இடத்துக்கும் வட்டத்துக்கும் இடையிலுள்ள வழவழப்பான பகுதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அங்கே பொறித்த எண் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு பெயரை மீட்கவல்லார் இன்றும் உளர். 1990இல் மும்பையில் அமைந்த இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் இத்தகைய ஆர்வலர் பலரை ஒன்றுசேர்த்தது. வீட்டு முதியவரிடம், “இதை யார் எழுதியது?” என்று கேளுங்கள். அவர் சொல்வதையும், சொன்னவர் பெயரையும், கேட்ட நாளையும் சேர்த்துக் குறியுங்கள்.

அவ்விளைஞர் பெட்டியைப் பழைய சாமான்காரருக்குப் போடவில்லை. மறுவாரம் நோட்டோடு வந்தார். காகிதம் அரித்த தட்டில் ஓர் எண் தெரிந்ததென்று எழுதிக் காட்டினார். பெயர் இன்னும் கிடைக்கவில்லை. எண்ணை எழுதிய பக்கத்தில் கீழே ஒரு வரியை வெறுமையாக விட்டிருந்தார். இன்ஷா அல்லாஹ், அந்த வரி நிரம்பும்.