வர்க்கியும் டீயும்

தீபாவளிக்குப் பனியன் கம்பெனிகள் அடைத்துவிட்டால் எங்கள் திருப்பூர் மண்ணரையில் ஓவர்லாக் மிஷின் சத்தம் ஓய்ந்துவிடும். மேட்டுப்பாளையம் போய்க் கோத்தகிரி பஸ் ஏறும் புருஷன் பெண்சாதிகளில் நாங்களும் உண்டு. ஊட்டிக் கூட்டம் நமக்கு ஆகாது. கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்து, பிறகு பங்களா கட்டிக் குடியேறியதும் கோத்தகிரிப் பக்கத்துக் கண்ணேரிமுக்கில்தான். அந்தக் காலத்துக் கணக்கில் அவர் நம்ம ஜில்லா கலெக்டர்!

பார்க்க வேண்டிய இடங்களை வேறு யாராவது எழுதட்டும். எனக்கு வர்க்கி போதும். மைதா, சர்க்கரை, வனஸ்பதி. இவற்றைப் பிசைந்து, புளிக்க விட்டு, மடித்து மடித்து விறகு அடுப்பில் சுடுகிறார்கள். கட்டிங் டேபிளில் விரித்த துணிபோல அடுக்கடுக்காக இருக்கும். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே கொஞ்சம் மெது. அடுப்பிலிருந்து இறங்கிய அன்றே தின்றுவிட வேண்டும் என்பது என் கட்சி.

டீயில் நனைப்பதா, கடித்துவிட்டுக் குடிப்பதா என்பதில்தான் வீட்டில் தகராறு. "ஏனுங்க, நனைச்சுப்போட்டா அப்புறம் மொறுமொறுப்பு எதுக்குங்க?" என்பாள் அவள். இங்கிலாந்துக் கிராமத்து டீக்கடைகளிலும் இதே வழக்குதான். ஸ்கோன் என்ற ரொட்டியில் டெவன்காரர்கள் முதலில் கிரீம் தடவுவார்கள், கார்ன்வால்காரர்கள் முதலில் ஜாம். அங்கே ஜில்லாவுக்கு ஜில்லா சண்டை. எங்களுக்கு ஒரே பெஞ்சில். நான் நனைத்துத்தான் தின்கிறேன், அதுவும் சர்க்கரை தூக்கலான டீயில்.