53.77 நல்ல நேரமா?

2021 ஜூன் இறுதியில் ரோமில் நடந்த செட்டே கொல்லி போட்டியின்போது, பெங்களூரு வீரர் ஸ்ரீஹரி நடராஜ் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கை 53.77 விநாடியில் முடித்தார். டோக்கியோ ஒலிம்பிக்குக்கான 'ஏ' தகுதி நேரம் 53.85. அதற்கு முந்தைய நாள்தான் சஜன் பிரகாஷ் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1:56.38இல் நீந்தி, 'ஏ' தகுதியை எட்டிய முதல் இந்தியராகியிருந்தார். ஸ்ரீஹரி நீந்தியது தனி நேரச் சோதனை ஓட்டத்தில் என்பதால், உலக நீச்சல் சம்மேளனம் ஒப்புக்கொள்ளும் வரை அந்த 53.77 கணக்கில் சேருமா என்பதே நிச்சயமில்லாமல் இருந்தது. ஒப்புக்கொண்டார்கள், அவர் டோக்கியோ போனார். பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அந்த எல்லை 53.74 ஆனது. ரோமில் வாசலைத் திறந்த அதே நேரம் பாரிஸுக்கு 0.03 விநாடி போதாது. ஆக, ஒரு நேரம் நல்லதா என்று கேட்பவர் எந்த ஆண்டில், எந்தப் போட்டிக்கு என்றும் சேர்த்தே கேட்க வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் நாம் பெரும்பாலும் அப்படிக் கேட்பதில்லை. பதக்கத்தைப் பார்த்துவிட்டு நேரத்தை மறந்துவிடுகிறோம்.

இலங்கையில் இந்த மறதிக்குத் தெற்காசிய விளையாட்டு விழா உதவுகிறது. 2016இல் குவாஹாட்டியில் மத்தியூ அபேசிங்க ஏழு தங்கம் வென்றார். தீவின் நீச்சல் வரலாற்றில் அது பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் டோக்கியோவுக்கு அவர் போனது, தகுதி பெற்ற வீரர் இல்லாத நாடுகளுக்கு ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று என்று தரப்படும் சிறப்பு இடத்தில்தான். அந்த இடத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கையில் பட்டர்ஃப்ளைக்காரரையும் ஃப்ரீஸ்டைல்காரரையும் ஒரே தட்டில் நிறுக்க வேண்டியிருக்கிறது. அங்கே உதவுவது புள்ளிமுறை: உலக சாதனை நேரத்தை நீந்தியவரின் நேரத்தால் வகுத்து, வரும் ஈவை மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தி, 1000ஆல் பெருக்கினால் புள்ளி கிடைக்கும். உலக சாதனையைவிட ஒரு சதவீதம் பிந்தினாலே ஏறத்தாழ 30 புள்ளி போய்விடும். டோக்கியோ காலத்துச் சாதனையான 51.85ஐ வைத்துக் கணக்கிட்டால் ஸ்ரீஹரியின் 53.77 ஏறக்குறைய 897 புள்ளி. கொஞ்சம் இரக்கமற்ற கணக்குதான். ஆனால் உள்ளூரில் தோற்கடிக்க ஆளில்லாத வீரருக்கு இதைவிட நேர்மையான எதிராளி கிடைக்காது.

பெரிய நாடான இந்தியாவுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை, 'ஏ' தகுதியே போதும் என்று சொல்லலாம். 2021இல் அது பொருந்தியது, ஆடவரைப் பொறுத்தவரை. பாரிஸில் பொருந்தவில்லை. அங்கே ஸ்ரீஹரியும் 14 வயது தினிதி தேசிங்குவும் சென்ற அதே சிறப்பு இட வழியில்தான் இலங்கையின் கைல் அபேசிங்கவும் கங்கா செனவிரத்னவும் சென்றார்கள். மக்கள்தொகை எவ்வளவு வேறுபட்டாலும் வரிசை ஒன்றுதான். இந்தியாவில் பதக்கம் அரசு வேலைக்கு வழி என்பதும் கண்ணை மறைக்கிறது. வேலை கிடைப்பது நல்லதே. ஆனால் உள்நாட்டுப் பதக்கத்துக்குச் சன்மானம் தருகிற முறை, இரண்டாவதாக வந்தவரைவிட ஒரு நொடி முந்தினால் போதும் என்ற பழக்கத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது.

வசதி ஒன்றாக இல்லாதபோது ஒரே அளவுகோல் நியாயமா என்பது வலுவான மறுப்பு. 25 மீட்டர் தடாகத்தில் பயிலும் பிள்ளைக்குத் திருப்பங்கள் கூடுதலாகக் கிடைப்பதால் நேரம் குறைவாக வரும், 50 மீட்டரில் அது ஏமாற்றும். இதற்குப் புள்ளிமுறையிலேயே விடை உண்டு: குறுந்தடாகத்துக்குத் தனி அடிப்படை நேரம் இருக்கிறது. வயதுக்கு மட்டும் விடையில்லை. 12 வயதுப் பிள்ளையை உலக சாதனையோடு ஒப்பிடுவது வீண், அங்கே போன ஆண்டு நேரத்தோடு ஒப்பிட்டால் போதும்.

பந்தயம் ஆளை வெல்வதற்குத்தானே, கடிகாரத்தை வெல்லவா என்று கேட்பவர்களுக்கு 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டைச் சொல்லலாம். 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதியில் இந்தியாவின் வீர்தவல் காடே 22.47இல் நான்காவதாக வந்தார், வெண்கலம் 0.01 விநாடியில் தவறியது. பதக்கப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆனால் அன்றைய தகுதிச் சுற்றில் அவர் நீந்திய 22.43 தேசிய சாதனை, அதை மாலையிலும் நீந்தியிருந்தால் வெண்கலம் அவருடையது. பதக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. பயிற்சியாளருக்கோ காலை 22.43க்கும் மாலை 22.47க்கும் இடையில் ஆண்டுக்கணக்கான வேலை கிடக்கிறது.