‘ஒனெஸ்ற்’ என்னும் சொல்லும் ‘ஒதெல்லோ’ நாடகமும்

பல பொருள் குறித்த ஒரு சொல் எம்மொழியிலும் உண்டு. அகராதி அப்பொருள்களை எண்ணிட்டு அடுக்கிக் காட்டும். கற்போன் இடத்துக்கு ஏற்றதொன்றைத் தேர்ந்து எஞ்சியவற்றை விலக்குவான். சேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’வைக் கற்குமிடத்து இம்முறை போதாது. அந்நாடகத்தின் அவலம், ‘ஒனெஸ்ற்’ என்னும் எளிய சொல்லின் பல பொருள்களும் ஒருங்கே தொழிற்படுவதனால் விளைவது.

மதிப்பு, புகழ் எனப் பொருள்படும் இலத்தீன் வேரினின்று பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற் புகுந்த சொல் இது. மதிப்புக்குரியது என்பதே இதன் பழம்பொருள். வாய்மை, வஞ்சமின்மை என்னும் பொருள்கள் பின்னர் வலுப்பெற்றன. பெண்டிரைக் குறிக்குமிடத்து இது கற்புடைமையை உணர்த்திற்று. உயர்ந்தோர் தம்மிலும் தாழ்ந்தோரை இச்சொல்லால் அழைக்குங்கால், ‘நல்லவன், ஆயினும் நமக்கு நிகரானவன் அல்லன்’ என்னும் குறிப்பும் உடன் தோன்றிற்று.

1604ஆம் ஆண்டில் அரசவையில் நடிக்கப்பெற்ற இந்நாடகத்தில் இச்சொல்லும் இதன் பண்புப் பெயரும் 52 இடங்களில் வருவதை, 1951இல் வெளிவந்த தம் நூலில் வில்லியம் எம்ப்சன் சுட்டிக்காட்டினார். தலைவன் முதலாகப் பலரும் இயாகோவை இச்சொல்லாலேயே பாராட்டுகின்றனர். பதவி உயர்வைக் காசியோவிடம் இழந்த அவன் செவியில் அப்பாராட்டு ஏளனமாகவும் ஒலித்தது என்பது எம்ப்சன் கருத்து.

மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் களத்தை நோக்குக. காசியோ நேர்மையுடையவன் அல்லனோ என ஒதெல்லோ வினவுகின்றான். இயாகோ விடை கூறாது, அச்சொல்லையே வினாவாகத் திருப்பிக் கூறுகின்றான். அப்பொழுது சான்று எதுவும் காட்டப்படவில்லை. நண்பனின் நேர்மை பற்றி எழுந்த ஐயம், சிறிது பொழுதில், அதே சொல்லின் வழியே மனைவியின் கற்புக்குத் தாவிவிடுகின்றது. இனி ஒதெல்லோவுக்கு இரு வழிகளே உள. இயாகோ ‘ஒனெஸ்ற்’ எனின் டெஸ்டிமோனா அத்தகையள் அல்லள். அவள் அத்தகையள் எனின் அவன் அல்லன்.

தமிழிற் பெயர்ப்போர் இயாகோவுக்கு ‘நேர்மை’ என்றும் டெஸ்டிமோனாவுக்குக் ‘கற்பு’ என்றும் எழுத நேரும். இரண்டும் பிழையல்ல. ஆயினும் ஒரே சொல் இருவரையும் ஒரு துலையின் இரு தட்டுகளில் நிறுத்திய கொடுமை அங்கே மறைந்துவிடும். வரிதோறும் ஒரு பொருளை ஏட்டோரத்தில் குறித்து அமைதியுறும் மாணவனும் இவ்விழப்புக்கே ஆளாகின்றான். பொருளை அறிந்தபின் சொல்லிடம் மீண்டு வருதலே நாடகத்தைக் கற்கும் முறையாகும்.

இறுதிக் களத்தில், இயாகோவின் வஞ்சம் வெளிப்பட்டபின், வாளிழந்து நிற்கும் ஒதெல்லோ, நேர்மை மாய்ந்தபின் மானம் மட்டும் எஞ்சியிருப்பது எதற்கென்று தன்னையே வினவுகின்றான். ஆங்கிலத்தில் அவ்விரு பெயர்களும் ஒரே வேரினின்று கிளைத்தவை. அவன் வாழ்விலும் அவை ஒருங்கே சாய்கின்றன.