விரல் பழகிவிட்டது, கோப்பு பழகவில்லை

போடிநாயக்கனூரில் பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு லீவில் வீட்டில் சொல்லும் முதல் யோசனை, “டைப்பிங் கிளாஸ் போ” என்பதுதான். அம்மா ஊருக்குள் ஏலக்காய் பொறுக்கப் போகிறவராக இருப்பார். இல்லையென்றால் விடியும் முன் ஜீப் ஏறி போடிமெட்டு தாண்டித் தோட்டத்துக்குப் போகிறவராக இருப்பார். மகளாவது ஃபேனுக்கடியில் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும் என்ற ஆசை. லோயர், ஹையர், அதன் பிறகு சி.ஓ.ஏ. எனப்படும் அலுவலகக் கணினிப் படிப்பு. மூன்றுக்கும் தேர்வு நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். குரூப் 4 தேர்வில் தட்டச்சர் வேலை கிடைத்தவர் சி.ஓ.ஏ. முடித்திருக்காவிட்டால் தகுதிகாண் பருவத்துக்குள் முடித்தாக வேண்டும். ஆக, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் வேர்டு மென்பொருளைத் தொடுவது அரசு வேலையை மனதில் வைத்துத்தான். இந்த முறையின் பலமும் கோளாறும் அங்கேயே தொடங்கிவிடுகின்றன.

பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கேலி செய்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். “யளனகபக” என்று நாள்கணக்கில் அடித்த விரலுக்கு விசைப்பலகையைப் பார்க்க வேண்டியதில்லை. கண் தாளிலேயே நிற்கும். ஆங்கில லோயரில் நிமிடத்துக்கு 30 சொல், ஹையரில் 45 என்ற வேகம், இன்ஜினியரிங் முடித்துவிட்டு இரண்டு விரலால் எழுத்தைத் தேடுகிற பலருக்கு இன்னும் எட்டாத ஒன்று. தேதி எங்கே, பொருள் எங்கே, பார்வை எண் எங்கே என்று ஒரு கடிதத்தின் முறையும் அங்கேதான் பதிகிறது. டைப்ரைட்டிங் காலாவதியாகிவிட்டது என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

இனி கோளாறு. போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இருக்கிறது. இன்னொன்று மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியின் புற்றடியில். ஏலம் திரையில் நடக்கிறது. ஆனால் அதைச் சுற்றியுள்ள கடிதமும் பட்டியலும் கடைகளில் வேர்டில்தான் உருவாகின்றன. சி.ஓ.ஏ. முடித்த பெண் ஒருவர் ஏலக்காய்க் கடையில் தரப்பட்டியல் அடிப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டு எம்.எம்.முக்கு மேல், ஏழு முதல் எட்டு, ஆறு முதல் ஏழு. எதிரே மூட்டை, கிலோ, விலை. ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி எண்களை ஒன்றின்கீழ் ஒன்றாக நிறுத்துகிறார். திரையில் நூல் பிடித்தாற்போல் இருக்கிறது. “எழுத்து சிறுசா இருக்கும்மா, கொஞ்சம் பெருசாக்கு” என்கிறார் முதலாளி. 12-ஐ 14 ஆக்கியதும் கிலோ விலைக்குள் போய் நிற்கிறது, விலை அடுத்த வரிக்கு இறங்கிவிடுகிறது. மறுபடி ஸ்பேஸ் பார்.

காரணம் எளிது. ஆங்கிலத் தட்டச்சுப் பொறியில் ஐ என்ற எழுத்துக்கும் டபிள்யூ என்ற எழுத்துக்கும் ஒரே அகலம். இடைவெளியை எண்ணி நிறுத்தினால் நிற்கும். கணினியில் நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் எழுத்துருக்களில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் அகலம். வேடிக்கை என்னவென்றால், இதற்கான மருந்து அதே டைப்பிங் கிளாஸில் இருக்கிறது. ஸ்டேட்மென்ட் பாடத்தில் பத்திகளைக் கணக்கிட்டு டேப் நிறுத்தங்கள் வைக்கச் சொல்லித்தருகிறார்கள். வேர்டின் அளவுகோலில் இருப்பதும் அதே டேப்தான். பொறியில் அதை ஒழுங்காகச் செய்த பெண், கணினிக்கு முன் உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறார்; இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அதற்குப் பதில் மெனு மனப்பாடம் நடக்கிறது. எந்தப் பொத்தான் எந்தப் பட்டையில் என்று நோட்டில் எழுதி ஒப்பிக்கிறார்கள். 2007 பதிப்பில் மெனுக்களைத் தூக்கிவிட்டு ரிப்பன் வந்தபோதே இந்த வகை நோட்டுகள் பழையதாகிவிட்டன. ஸ்டைல், டேப், பக்க முறிவு, அட்டவணை ஆகியவை மாறவில்லை. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரெஆஃபிஸ் ரைட்டரிலும் அவை உண்டு. தலைப்பைப் பெரிதாக்கித் தடிமனாக்குவதை எல்லாரும் செய்கிறார்கள். அது தலைப்பு என்று மென்பொருளுக்குச் சொன்னால் பொருளடக்கம் தானே வரும் என்பது பலருக்கு வேலைக்குப் போன பிறகும் தெரிவதில்லை.

தமிழில் சிக்கல் இரட்டிப்பு. பொறியில் ‘க்கா’ அடிக்கப் புள்ளி, க, க, கால் என்று நான்கு தட்டல். அங்கே புள்ளி எழுத்துக்கு முன்னால் வரும். 1999-இல் அரசு ஏற்ற தமிழ்99 முறையில் க, க, ஆ என்று மூன்றே தட்டல். முதல் ககரத்துக்குப் புள்ளி தானாக விழும். கற்றவரை எல்லாம் விரலிலிருந்து அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொல்வது நியாயமில்லை. என்.ஹெச்.எம். ரைட்டர் போன்ற கருவிகள் பழைய தட்டச்சு வரிசையிலேயே யூனிகோடு எழுதவிடுகின்றன. விசை வரிசை எதுவானாலும் பாதகமில்லை, கோப்புக்குள் இருப்பது யூனிகோடாக இருக்க வேண்டும். 2010-இலேயே தமிழக அரசு அதைத் தரமாக அறிவித்துவிட்டது. இருந்தும் பாமினி, வானவில் எழுத்துருப் பழக்கம் விட்டபாடில்லை.

போடிக்கு இது வெறும் தொழில்நுட்ப விவகாரம் அல்ல. வீடும் கடையும் இங்கே, தோட்டம் கேரளத்தின் உடும்பன்சோலைப் பக்கம். பழைய எழுத்துருவில் அடித்த தமிழ்க் கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் திறக்கும். அதைத் தேடினாலும் கிடைக்காது. யூனிகோடில் ஒரே பக்கத்தில் தமிழும் மலையாளமும் சண்டையின்றி உட்காரும். எல்லை ஊரின் பயிற்சி மையம் முதல் வாரமே சொல்லித்தர வேண்டிய பாடம் இது.

மையங்களை மட்டும் திட்டிப் பயனில்லை. கேள்வித்தாள் கேட்பதைத்தான் அவர்கள் கற்பிப்பார்கள். செய்முறைத் தேர்வில் ஒரு கேள்வியை மாற்றினால்கூடப் போதும். ஸ்பேஸ் பாரால் நிரப்பிய, பாமினியில் அடித்த ஒரு தரப்பட்டியலைக் கோப்பாகவே கொடுக்கட்டும். அதை யூனிகோடுக்கு மாற்றி, பத்திகளை டேப்பில் நிறுத்தி, எழுத்தளவை 12-இலிருந்து 14 ஆக்கச் சொல்லட்டும். பத்தி நகராவிட்டால் மதிப்பெண்.