யாருக்குக் கரண்ட் போகக்கூடாது?

மின்சாரம் பற்றாக்குறையாகும்போது எந்த அரசும் முதலில் எழுதி வைத்துக்கொள்வது, யாருக்கு வெட்டக்கூடாது என்ற பட்டியலைத்தான். ஆஸ்பத்திரி, தீயணைப்பு நிலையம், காவல் நிலையம், விமான நிலையக் கட்டுப்பாட்டு அறை ஆகியவை அதில் இருப்பதைப் பற்றி யாரும் முணுமுணுப்பதில்லை. பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலையின் பெயர் அதில் ஏறும்போதுதான் பேச்சு கிளம்பும். லாபத்துக்கு நடக்கும் எண்ணெய்க் கம்பெனிக்கு இருபத்து நாலு மணி நேரமும் கரண்ட், குழந்தை படிக்கும் வீட்டுக்கு இருட்டா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு ஆலைகள் தரும் பதிலிலும் நியாயம் இருக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தச் சிக்கலை வெளிப்படையாக வைத்து வாதாடிய இடம் கலிஃபோர்னியா. 1996-இல் சட்டம் போட்டு, 1998-இல் மின்சாரத்தைச் சந்தையில் விற்கும் பொருளாக மாற்றியது அந்த மாநிலம். 2000 கோடையில் மொத்த விலை எகிறியது. என்ரான் போன்ற நிறுவனங்களின் வர்த்தகர்கள் பற்றாக்குறையை ஊதிப் பெருக்கிக் காசு பார்த்த கதை பின்னால் வெளிவந்தது. 2001 ஜனவரி 17 அன்று ஆளுநர் கிரே டேவிஸ் நெருக்கடி நிலை அறிவித்தார். அன்றும் மறுநாளும், பிறகு மார்ச் 19, 20, மே 7, 8 தேதிகளிலும் பகுதி பகுதியாகச் சுழற்சி முறையில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். ஒரு பகுதிக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். தமிழ்நாட்டில் 2012-ஐப் பார்த்தவர்களுக்கு இது ஒரு மின்வெட்டாகவே தோன்றாது. ஆனால் உலகின் பெரிய பொருளாதாரங்களில் ஒன்றான அந்த மாநிலம் ஆடிப்போனது.

வரப்போகும் கோடை இதைவிட மோசமாக இருக்கும் என்று எல்லோரும் பயந்த அந்த மாதங்களில், சுத்திகரிப்பு ஆலைகள் விலக்கு கேட்டன. மாநிலத்தின் பொதுப்பயன்பாட்டு ஒழுங்குமுறை ஆணையம், அத்தியாவசிய நுகர்வோர் பட்டியலில் ஒரு வரியைச் சேர்த்தது. சுத்திகரிப்பு ஆலைகள், அவற்றுக்கு இன்றியமையாத துணை அமைப்புகள், எரிபொருள் உற்பத்திச் சங்கிலியின் முக்கியக் கண்ணிகள் ஆகியவற்றுக்கு, ஆணையம் அனுமதிக்கும் அளவுக்கு விலக்கு என்பது அதன் சாரம்.

ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் இந்தக் கோரிக்கையின் எடை தெரியும். வீட்டில் கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், வந்தால் சுற்றும். ரிஃபைனரியில் கச்சா எண்ணெயை உலைக்குள் தள்ளும் பம்பு நின்றுவிட்டால், உலைக் குழாய்களுக்குள் இருக்கும் எண்ணெய் நகராமல் தேங்கும். பர்னரை அணைத்துவிட்டாலும் உலைச் செங்கல் பிடித்து வைத்திருக்கும் சூடு உடனே இறங்காது. அந்தச் சூட்டில் தேங்கிய எண்ணெய் குழாயின் உட்சுவரிலேயே கரியாகப் படியும். அந்தக் கரியை அகற்றாமல் உலையைப் பழையபடி ஓட்ட முடியாது. கன எண்ணெயைப் பெட்ரோலாக உடைக்கும் கேட்டலிட்டிக் கிராக்கரில் இன்னொரு தொல்லை. அங்கே மணல் போன்ற வினையூக்கித் தூள் ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் காற்றின் வேகத்தில் மிதந்தபடி சுற்றிவருகிறது. காற்றூதும் பிளோயர் நின்றால் டன் கணக்கான அந்தத் தூள் அப்படியே கீழே அமர்ந்துவிடும்.

குளிர்விக்கும் தண்ணீர் நின்றால் கோபுரங்களுக்குள் அழுத்தம் ஏறும். பாதுகாப்பு வால்வுகள் திறந்து, உள்ளே இருக்கும் வாயுவை ஃப்ளேர் எனப்படும் எரிகோபுரத்துக்கு அனுப்பும். ஃப்ளேர் புகையில்லாமல் எரியப் பல ஆலைகளில் நீராவி வேண்டும். பாய்லரும் தடுமாறினால் நீராவி குறையும், வானத்தில் கறுப்புப் புகை எழும். கந்தகத்தைப் பிரிக்கும் பிரிவும் ட்ரிப் ஆகியிருந்தால் அதில் சல்ஃபர் டை ஆக்சைடும் கலந்திருக்கும். முக்கியமான பம்புகளுக்கு நீராவி டர்பைன் மாற்று உண்டு, கட்டுப்பாட்டு அறைக்கு பேட்டரி உண்டு. ஆனால் அவை ஆலையைப் பத்திரமாக நிறுத்துவதற்கு மட்டுமே போதும்.

ஆகவே ஒரு மணி நேர மின்வெட்டு, ஆலைக்குப் பல நாள் உற்பத்தி இழப்பு. சேதம் ஏற்பட்டால் வாரக்கணக்கு. பணத்தைவிடப் பெரிய கணக்கும் ஒன்று இருக்கிறது. ரிஃபைனரியில் ஆபத்து மிகுந்த நேரம், நிறுத்துவதும் மறுபடி கிளப்புவதும்தான். 2005 மார்ச் 23 அன்று டெக்சஸ் சிட்டியில் ஒரு பிரிவைக் கிளப்பும்போது நேர்ந்த வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள், சுமார் 180 பேர் காயமடைந்தார்கள். அதற்கும் மின்வெட்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் ஒவ்வொரு மின்வெட்டும் ஆலைத் தொழிலாளர்களை அந்த ஆபத்தான வேலைக்குள் தேவையில்லாமல் ஒருமுறை தள்ளுகிறது. விலக்குக்கு ஆதரவான வாதங்களில் என்னைப் பொறுத்தவரை இதுவே வலுவானது. கலிஃபோர்னியாவின் வில்மிங்டனிலும் ரிச்மண்டிலும் ஆலையின் மதிலை ஒட்டிக் குடியிருப்பவர்கள் பணக்காரர்கள் அல்லர். ஆலைக்குக் கரண்ட் போனால் அதன் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் அவர்கள்தான்.

சந்தை வாதமும் லேசானதல்ல. கலிஃபோர்னியா 1996 முதல் தனக்கென்று கடுமையான தரமுள்ள பெட்ரோலை விற்கச் சொல்கிறது. வேறு மாநிலங்களின் ஆலைகளில் பெரும்பாலும் அது தயாராவதில்லை. கிழக்கேயிருந்து அங்கே பெட்ரோல் கொண்டுவரும் பைப்லைனும் இல்லை. கப்பல் வர வாரக்கணக்காகும். ஓர் ஆலை படுத்தாலே பங்க் விலை எகிறும், நெவாடாவும் அரிசோனாவும் சேர்ந்து திணறும். போதாக்குறைக்கு, மின்வெட்டே டீசல் தேவையைக் கூட்டிவிடும். கோவையிலும் திருப்பூரிலும் மின்வெட்டுக் காலத்தில் ஜெனரேட்டரை நம்பிப் பட்டறை நடத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும் விலக்கு ஏன் உறுத்துகிறது?

முதலில், விலக்கு என்பது மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை. ஆலைக்கு வெட்டாமல் விட்ட ஒவ்வொரு மெகாவாட்டையும் வேறு யாருக்கோ வெட்டியாக வேண்டும். கலிஃபோர்னிய மின்கட்டமைப்பு நிர்வாகம் ஒரு மெகாவாட்டைச் சுமார் 750 வீடுகள் என்று கணக்கு வைப்பது வழக்கம். ஐம்பது மெகாவாட் இழுக்கும் ஆலை என்றால் 37,500 வீடுகள். அங்கே 2001-இல் ஏற்கெனவே சுமையில் ஏறத்தாழ பாதி வெட்டுக்கு அப்பாற்பட்டிருந்தது. காரணம், ஆஸ்பத்திரி இருக்கும் ஃபீடர் எனும் மின்பாதையில் இருக்கும் மளிகைக் கடையும் மாளிகையும் சேர்ந்தே தப்பித்துவிடும். நம் ஊரிலும் ஆஸ்பத்திரி லைனில் வீடு கிடைத்தவர் அதிர்ஷ்டசாலிதான். பாதிப் பேர் தப்பித்தால் மீதிப் பாதிக்கு முறை இரு மடங்கு வேகமாகச் சுற்றிவரும். பட்டியலின் கதவைத் திறந்ததும் 2001-இல் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருந்தது.

இன்னொரு கோணல் அதைவிட மோசம். பெரிய நுகர்வோருக்கு அங்கே ஓர் ஒப்பந்தம் இருந்தது. நெருக்கடி வந்தால் என் இணைப்பை நிறுத்திக்கொள், பதிலுக்கு இப்போதே கட்டணத்தைக் குறை என்பது அதன் பேரம். வருடக்கணக்கில் நெருக்கடி வராததால் அது இனாம் தள்ளுபடியாகவே ஓடியது. பெட்ரோலும் விமான எரிபொருளும் கொண்டுசெல்லும் பைப்லைன் பம்பு நிலையங்கள்கூட அதில் சேர்ந்திருந்தன. நெருக்கடி வந்து உண்மையிலேயே நிறுத்தச் சொன்னபோது, நாங்கள் நின்றால் விமான நிலையத்துக்கு எண்ணெய் போகாதே என்ற குரல் எழுந்தது. அது உண்மைதான். அப்படியானால் இத்தனை நாள் தள்ளுபடி எதற்கு வாங்கினார்கள்? சாதாரண நாளில் தவிர்க்கத்தக்கவர், நெருக்கடி நாளில் தவிர்க்க முடியாதவர் என்று ஒரே நிறுவனம் இரண்டு வேஷமும் கட்ட முடியாது.

மூன்றாவது குறை தொழில்நுட்பம் சார்ந்தது. இதை விவாதிப்பவர்கள் அதிகம் கவனிப்பதில்லை. சுழற்சி மின்வெட்டு என்பது ஆலையைச் சாய்க்கும் பல காரணங்களில் ஒன்று மட்டும். 2005 செப்டம்பர் 12 அன்று லாஸ் ஏஞ்சலஸில் மின்வாரியப் பணியாளர்கள் தவறான கம்பியை வெட்டியதில் நகரத்தின் பெரும்பகுதி இருண்டது. வில்மிங்டன் பகுதி ஆலைகளின் ஃப்ளேர்கள் கொழுந்துவிட்டு எரிந்தன. 2016 அக்டோபரில் டாரன்ஸ் ஆலைக்கு மின்சாரம் போய் ஊரே புகையானது. இரண்டு நாளும் சுழற்சியும் இல்லை, பற்றாக்குறையும் இல்லை. விலக்குப் பட்டியலில் பெயர் இருந்து என்ன பயன்? மறுபக்கம், 2001 மே 8-க்குப் பிறகு கலிஃபோர்னியாவில் மாநிலம் தழுவிய சுழற்சி மின்வெட்டு வந்தது 2020 ஆகஸ்ட் 14, 15 தேதிகளில்தான். எப்போதோ வரும் ஆபத்துக்குக் காகிதத்தில் கேடயம் வாங்கிக்கொண்டு, அடிக்கடி வரும் ஆபத்துக்கு ஆலைக்குள் செய்ய வேண்டிய முதலீட்டைத் தள்ளிப்போட விலக்கு வழிவிடுகிறது.

அந்த முதலீடு புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ரிஃபைனரிக்கு நீராவி எப்படியும் வேண்டும். எரிவாயு டர்பைனில் மின்சாரம் எடுத்து, அதன் வெப்பத்தில் நீராவி எடுக்கும் கோஜெனரேஷன் அமைப்பை உலகெங்கும் பல ஆலைகள் வைத்திருக்கின்றன. வெளிக் கட்டமைப்பு தடுமாறினால் நொடியில் துண்டித்துக்கொண்டு தனித் தீவாக ஓடுவது மட்டும் கடினம். அதற்கான ரிலேக்களும், எந்தப் பிரிவை முதலில் கைவிடுவது என்ற திட்டமும், வருடாந்திரச் சோதனையும் செலவு பிடிப்பவை. விலக்கு இலவசமாகக் கிடைக்கும்போது அந்தச் செலவுக்கு எந்த நிதி மேலாளர் கையெழுத்துப் போடுவார்?

சங்கிலியில் ஒரு கண்ணிக்கு மட்டும் காவல் போட்டால் என்ன ஆகும் என்பதை 2021 பிப்ரவரியில் டெக்சஸ் காட்டியது. கடுங்குளிரில் மின்நிலையங்கள் வரிசையாக விழ, 20,000 மெகாவாட் வரை வெட்ட உத்தரவிட்டது அங்குள்ள மின்கட்டமைப்பு நிர்வாகம். மொத்தக் கட்டமைப்பும் சரிந்துவிடுவதற்கு 4 நிமிடம் 37 நொடிதான் மிச்சமிருந்தது. அந்த அவசரத்தில் வெட்டிய ஃபீடர்களில், மின்நிலையங்களுக்கே எரிவாயு அனுப்பும் கிணறுகளும் கம்ப்ரஸர்களும் இருந்தன. மின்சாரம் போனதால் எரிவாயு குறைந்தது, எரிவாயு குறைந்ததால் மின்சாரம் இன்னும் குறைந்தது. அவற்றில் பல, முக்கியச் சுமை என்று பதிவு செய்வதற்கான விண்ணப்பத்தையே கொடுத்திருக்கவில்லை. சில, நெருக்கடியில் நிறுத்திக்கொள்ளக் காசு வாங்கும் திட்டத்தில் சேர்ந்திருந்தன. கலிஃபோர்னியாவின் அதே இரட்டை வேஷம், இருபது ஆண்டு கழித்து. பெரிய ரிஃபைனரிகளும் குளிரில் நின்றுபோயின. அடுத்த வாரம் அமெரிக்கா முழுவதுமே சுத்திகரிப்புத் திறனில் 56 விழுக்காடுதான் ஓடியது. மாநிலத்தின் அதிகாரபூர்வக் கணக்கில் 246 பேர் இறந்தார்கள்.

பிறகு சட்டம் வந்தது. முக்கிய நிறுவனம் என்று பட்டியலில் ஏறினால் குளிரைத் தாங்க உபகரணங்களைத் தயார்செய்யும் கடமையும் சேர்ந்து வரும் என்றானது. உடனே காட்சி மாறியது. எரிவாயுத் துறையைக் கவனிக்கும் ஆணையம் தயாரித்த முதல் வரைவு விதியில், 150 டாலர் கட்டி ஒரு படிவம் கொடுத்தால் 'நாங்கள் முக்கியமில்லை' என்று ஒதுங்கிக்கொள்ள வழி வைத்திருந்தார்கள். சட்டமன்றத்தில் திட்டு வாங்கிய பிறகே அதை இறுக்கினார்கள். சலுகையாகத் தந்தால் எல்லோரும் அத்தியாவசியம், கடமையோடு தந்தால் யாரும் அத்தியாவசியம் இல்லை என்ற நிலைமையை இதைவிட அப்பட்டமாக யாராலும் எழுதிக் காட்ட முடியாது.

இலங்கையின் சபுகஸ்கந்த ஆலை இன்னொரு எல்லையைக் காட்டுகிறது. 2022-இல் அங்கே நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடந்தது. நாட்டின் ஒரே சுத்திகரிப்பு ஆலையான அதுவோ டாலர் இல்லாமல், கச்சா எண்ணெய் வராமல் திரும்பத் திரும்ப மூடிக் கிடந்தது. அந்த ஆலையின் நாப்தாவை நம்பிக் களனிதிஸ்ஸவில் மின்நிலையம் இருந்தது. ஆலைக்கு மின்சாரத்தை எவ்வளவு பத்திரமாகக் கொடுத்திருந்தாலும் பலன் இருந்திருக்காது. விலக்கு ஆலையைத்தான் காக்கும், எரிபொருள் கொள்கையின் ஓட்டையை அடைக்காது.

கலிஃபோர்னியா 2001-இல் அந்த வரியைச் சேர்த்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஓடும் ரிஃபைனரியின் ஸ்விட்சை அணைப்பது, அதன் முதலாளியைவிட அதன் தொழிலாளியையும் பக்கத்துத் தெருவையும்தான் அதிகம் தண்டிக்கும். ஆனால் விலக்கு பெறும் ஆலை, நிறுத்திக்கொள்வதாகச் சொல்லி வாங்கும் எந்தத் தள்ளுபடியிலும் இருக்கக்கூடாது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். விலக்கு ஆலையின் அலுவலகத்துக்கும் குளிர்சாதனத்துக்கும் நீளாமல், நிறுத்த முடியாத பிரிவுகளோடு நிற்க வேண்டும். தனித் தீவாக ஓடும் சோதனையைக் குறித்த காலத்துக்குள் நடத்திக் காட்ட வேண்டும். தவறினால், மின்சாரத்தை வெட்ட முடியாது என்பதால், தண்டனையைப் பணமாகத்தான் வசூலிக்க முடியும். அப்படி வசூலிக்கும் தொகை அரசுக் கருவூலத்துக்குப் போக வேண்டியதில்லை. ஆலைக்காக இருட்டில் உட்கார்ந்த அந்த 37,500 வீடுகளின் அடுத்த மாத மின்கட்டணத்தில் கழியட்டும்.