அந்த ஓர் அங்குலம்

நாலு மாதமாக ஒரே பாஸ் கிட்டாரோடுதான் குடித்தனம். ஐந்து கம்பி, சொல்லிச் செய்தது. மரம் என்ன, பிக்கப் என்ன என்பதெல்லாம் இருக்கட்டும். நான் அடம்பிடித்துக் கேட்டது ஒன்றைத்தான்: 35 அங்குல ஸ்கேல். அதாவது நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம்.

1951இல் ஃபெண்டரின் பிரிசிஷன் பாஸ் 34 அங்குலத்தில் வந்தது. இன்றுவரை அதுதான் வழக்கம். பால் மெக்கார்ட்னியின் வயலின் வடிவ ஹாஃப்னர் சுமார் 30தான். நான்கு கம்பிக்கு இரண்டுமே போதும். தகராறு ஐந்தாவது கம்பியில், அடி ‘பி’யில். வினாடிக்கு 31 அதிர்வுதான். என் பழைய 34இல் அது கொடியில் கிடக்கும் ஈர வேட்டி மாதிரி தொளதொளக்கும். அதே கம்பியை, அதே சுருதிக்கு, நீளம் கூட்டிக் கட்டினால் இழுவிசை ஏறும். ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 6 சதவீதம்.

“34 போதும் சார், கழுத்து கெட்டியா இருந்தா ‘பி’ தானா நிக்கும்” என்றார் செய்தவர். கேட்டால்தானே!

‘பி’ நின்றது, மறுக்கவில்லை. இளையராஜா பாட்டுகளில் பாஸ் ஓரிடத்தில் உட்காராது. இன்னொரு பாடகர் மாதிரி கூடவே வரும். அந்த ஓட்டத்தில் அடி ‘டி’க்கு இறங்கும்போது, வெறும் உறுமல் இல்லை, ஸ்வரம் கேட்கிறது. முதல் வாரம் தெருவில் போகிறவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டாத குறை.

இரண்டாம் மாதம் கம்பி மாற்றினேன், வினை தொடங்கியது. என் பாஸில் கம்பி உடம்பின் பின்பக்கத்திலிருந்து துளை வழியே ஏறி வரும். அந்தச் சுற்றோடு 35 அங்குலமும் சேர, கடையில் வாங்கிய செட்டின் ‘பி’ எட்டவில்லை. தடித்த சுற்று நட்டுக்கு முன்பே முடிந்து, நூல் சுற்றிய மெலிந்த பகுதி நட்டின் மேல் உட்கார்ந்தது. திறந்த ‘பி’யைத் தட்டினால் அட்டைப்பெட்டியைத் தட்டின சத்தம். “லாங் ஸ்கேல்னு போட்டிருக்கே சார்” என்றார் கடைக்காரர். எனக்கு வேண்டியது எக்ஸ்ட்ரா லாங். அது வரவழைத்தால்தான் உண்டு.

அடுத்தது தோள். முதல் ஃபிரெட்டிலிருந்து நாலாவது வரை 34இல் 13 செ.மீ.; இதில் கூடுதல் நாலு மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்கா இந்த வலி? இல்லை. வார் மாட்டும் மேல்கொம்பு பன்னிரண்டாம் ஃபிரெட்டை எட்டாமல் பதிமூன்றிலேயே நின்றுவிட்டது. கூடிய அங்குலம் முழுக்க இடப்பக்கம் போயிற்று. நான் கிண்டியில் நின்றால் முதல் ஃபிரெட் தாம்பரத்தில். கையை விட்டால் தலை தரையைப் பார்க்கிறது. பாஸ் சொல்லிச் செய்விக்கிறவர்கள் ஸ்கேல் எண்ணோடு நிறுத்தாதீர்கள். கொம்பு எங்கே முடிகிறது, கம்பியின் குண்டு முனையிலிருந்து நட்டு வரை எவ்வளவு என்று வரைபடத்திலேயே அளந்துவிடுங்கள்.

கொம்புக்கு இனி வழியில்லை. கம்பிக்கு இருந்தது: போன வாரம் நேராக பிரிட்ஜிலேயே கோத்தேன். சாதாரண செட்டே எட்டுகிறது. ஒலியில் வித்தியாசம் என் காதுக்குத் தெரியவில்லை. செய்தவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பிப் பார்த்தார், பித்தளை வளையம் பதித்த ஐந்து துளைகளையும் கட்டைவிரலால் தடவினார்.

“அடைச்சுடட்டுமா சார்?”