ரத்தக்கண்ணீரில் இல்லாத நரம்பு

போன மாசம் கோச்சடை வீட்டில் அப்பாவோடு உட்கார்ந்து 'ரத்தக்கண்ணீர்' (1954) மறுபடி பார்த்தேன். எம்.ஆர். ராதாவின் நக்கலுக்கு இன்னும் வயசாகவில்லை. ஆனா இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரல.

கதை தெரிஞ்சதுதான். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய மோகனசுந்தரம், அம்மாவையும் மனைவியையும் உதாசீனம் செய்துவிட்டு காந்தாவே கதி என்று கிடக்கிறான். தொழுநோய் வருகிறது, தெருவுக்கு வருகிறான். நோய்தான் தீர்ப்பு. திருவாரூர் தங்கராசு எழுதி, பகுத்தறிவு மேடைகளில் வளர்ந்த நாடகம் இது. கடவுளையே கேள்வி கேட்ட கூட்டம், கர்மவினையை மட்டும் பின்வாசல் வழியா உள்ளே விட்டுடுச்சே என்பதுதான் என் குறை.

தொழுநோய் ஒழுக்கக்கேட்டால் வருவதில்லை, உடலுறவால் பரவுவதும் இல்லை. ஒரு பாக்டீரியா, தோலையொட்டி ஓடும் நரம்புகளைக் கெடுக்கிறது. முழங்கையில் இடிச்சா சுரீர்னு கரண்ட் அடிக்குமே, அந்த நரம்பு செத்தால் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கிப் போகும், மரத்தும் போகும். சதை தானாக அழுகி விரல் உதிர்கிறது என்றுதான் ரொம்ப நாள் நம்பினார்கள். 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட் (நம்ம கொல்லிமலையில் வளர்ந்தவர்) ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். தன்னால் திறக்க முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரு பையன் சட்டென்று திறந்ததை எழுதியிருக்கிறார். சாவி விரலை எலும்பு வரை கிழித்திருந்தது. பையனுக்குத் தெரியவே இல்லை. எரர் மெசேஜே வராத புரோகிராம் மாதிரி.

நாடகத்தில் மருத்துவப் பாடம் கேட்கவில்லை. ராதா கதறுகிறார், நாம் பார்க்கிறோம். ஆனால் கைகாலைத் தின்பது வலி இல்லை, வலி இல்லாமைதான். படத்தில் அது எங்கேயும் இல்லை. தன் நோயுற்ற உருவத்தையே எச்சரிக்கையாகச் சிலை வைக்கச் சொல்கிறான் மோகனசுந்தரம். எச்சரிக்கை யாருக்கு?

படம் முடிஞ்சதும் அப்பா மெதுவா சொன்னார்: "ரெண்டு வருஷமா பாதம் மரத்துத்தான்டா கிடக்கு. வெளிய சொன்னா அந்த வியாதின்னு நினைப்பாங்கன்னு சொல்லல."

அவருக்குப் பதினஞ்சு வருஷமா சுகர். காலைத் தூக்கிப் பார்த்தால் பெருவிரலுக்குக் கீழே ஒரு கருவேல முள், சுத்தி சீழ். எப்ப குத்துச்சுன்னு அவருக்குத் தெரியாது.

மறுநாள் டாக்டர் ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை. கண்ணை மூடிக்கிட்டு அப்பா பத்து இடத்தில் மூணுக்குத்தான் "ம்" சொன்னார்.

இப்ப ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் அம்மாவின் கைக்கண்ணாடியைத் தரையில் வச்சு, ரெண்டு பாதத்தையும் பார்த்துட்டுத்தான் படுக்கிறார்.